குளவி என்று சொன்னேன்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து வண்டிச் சாவியைத் தேடுவேன். பள்ளி வேன் ஓட்டுகிறவனுக்கு இது நல்ல குணம் என்பது என் கட்சி. இது ஒரு வியாதி என்பது என் மனைவியின் கட்சி. மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய சிலிபினில் எங்கள் வீட்டு வாசல் விளக்கை மாற்ற ஒரு நாள் ஏணி வைத்தேன். பாதியில் வேறு வேலை ஞாபகம் வந்து இறங்கிப் போனேன். ஏணி மூன்று மாதம் அங்கேயே நின்றது. அதில் அவள் துணி காயப்போட்டாள்.

மருந்து விஷயத்திலும் நான் அப்படித்தான் இருந்தேன். கிளினிக்கில் ஏழு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவேன். மாத்திரை போட்டுத் தரும் சின்ன பிளாஸ்டிக் பையின் மேல் மலாயில் ‘ஹாபிஸ்கான்’ என்று அச்சடித்திருக்கும். முழுவதையும் சாப்பிட்டு முடி என்று அர்த்தம். வேலைவெட்டி இல்லாதவர்களுக்காக எழுதியது என்று நினைத்துக்கொள்வேன். மிச்சமெல்லாம் ஒரு நீல நிற பிஸ்கட் டின்னுக்குள் போகும். மற்ற வீடுகளில் அந்த மாதிரி டின்னில் ஊசியும் நூலும் இருக்கும்.

என் வீட்டு மிச்சம் மட்டுமே அதில் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டி இருந்தது. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்டார்கள். பிறகு அதையும் வெட்டிவிட்டு வீடுகள் கட்டினார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் எப்படியோ தப்பித்து, இப்போது இரண்டு வரிசை மாடி வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை தீமிதித் திருவிழாவுக்கு லூமுட், பாகான் செராய், ஈப்போ என்று சிதறிப்போன குடும்பங்கள் வந்து சேரும். தேங்காய், பழம், பூவோடு சிலர் கையில் ஒரு சின்னப் பொட்டலமும் இருக்கும்.

“டிரஸ்ஸரண்ணே, இந்தாங்க. சின்னவளுக்குக் காது வலின்னு குடுத்தது. சரியாப் போச்சு, மிச்சம் கெடக்கு.”

டிரஸ்ஸர் என்பது என் பட்டப்பெயர். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்துப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவரை அப்படித்தான் அழைப்பார்கள். டிஸ்பென்சரி மூடிப் பல வருஷமாயிற்று. டின் என்னிடம் இருந்ததால் பெயர் என்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது. தேங்காய் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு டின்னை மடியில் வைத்துக்கொள்வேன். கொடுப்பவர்கள் கொடுப்பார்கள். தொண்டை கட்டியவர்களும் பல் வீங்கியவர்களும் வந்து நாலு நாலாக வாங்கிப் போவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் நான் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அட்டையும் கிடையாது, சீட்டும் கிடையாது. எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். எனக்கு அடையாளம் நிறம்தான். சிவப்பும் கறுப்புமான கேப்சூல் புண்ணுக்கு, சிவப்பும் மஞ்சளும் தொண்டைக்கு, நீளமான வெள்ளை மாத்திரை வயிற்றுக்கு. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால், நான்தான். ஒரே மருந்தைக் கம்பெனிக்கு ஒரு நிறத்தில் செய்வார்கள் என்பதும், ஒரே நிறத்துக்குள் வேறு வேறு மருந்து இருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. யாரும் என்னைக் கேட்டதுமில்லை.

தீ மிதித்து இறங்குகிறவர்களில் சிலருக்கு உள்ளங்காலில் கொப்புளம் போடும். அவர்கள் நேராக என்னிடம் வருவார்கள். சிவப்புக் கறுப்புக் கேப்சூலைத் திருகிப் பிரித்து உள்ளே இருக்கும் தூளைப் புண்ணின் மேல் தூவுவேன். ரப்பர் பால் வெட்டும் கத்தி கையில் பட்டால் அந்தக் காலத்தில் தோட்டத்து டிரஸ்ஸர் செய்ததும் அதுதான். தூள் பட்டதும் எரியும். எரிந்தால் வேலை செய்கிறது என்போம்.

என் தம்பி என்னைவிடப் பத்து வயது சின்னவன். கட்டட வேலைக்குக் கம்பி கட்டுகிறவன். கோயிலுக்குப் பக்கத்திலேயே மலிவு விலை வீட்டில் குடியிருக்கிறான். பன்னிரண்டு வருஷமாக விடாமல் தீ மிதிக்கிறான். ஒவ்வொரு வருஷமும் முதலில் என் மடியில் காலைத் தூக்கி வைப்பவன் அவன்தான். பன்னிரண்டு வருஷமும் அவன் காலில் நான் தூள் தூவியிருக்கிறேன். வேலையில் ஆணி குத்தினாலும் கம்பி கிழித்தாலும் அவனே கேட்டு வாங்கிப் போய்த் தூவிக்கொள்வான்.

போன வருஷத்துக்கு முந்திய திருவிழா ஞாயிற்றுக்கிழமை நடந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் தம்பி போன் செய்தான். கால் வீங்கிச் சிவந்துபோய், காய்ச்சலும் அடிக்கிறது என்றான். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். போய்ப் பார்த்தால், கொப்புளம் உடைந்த இடத்தில் சீழ். சிவப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது.

“கிளினிக்குப் போலாமாண்ணே?” என்றான்.

மணி பத்தரை. ஒரு மணிக்கு நான் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்கார்ந்தால் மதியம் தாண்டிவிடும். உட்காருவதை நினைத்தாலே எனக்குக் கால் அரிக்கும். “கிளினிக்கெல்லாம் வேணாம்டா. மருந்தப் போடு, என் வீட்டுல வந்து ரெண்டு நாள் படு” என்று சொல்லி, வேனிலிருந்த டின்னைத் திறந்தேன். எப்போதும் தூவுகிற அதே சிவப்புக் கறுப்பு. சீக்கிரம் குணமாகட்டும் என்று ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலையும் நானே திறந்து கொடுத்தேன்.

தம்பி அந்த மருந்தை அதுவரை விழுங்கியதே இல்லை. தோலில் மட்டும்தான் பட்டிருக்கிறது.

அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வேன் பெரிய ரோட்டுக்கு வந்து பத்து நிமிஷம் இருக்கும். “அண்ணே, கையெல்லாம் அரிக்குது” என்றான். வெயில்தான் என்றேன். கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்தான். பிறகு ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தான். திரும்பிப் பார்த்தால் உதடு இரண்டு மடங்காக இருந்தது. கண் இமைகள் உப்பிக் கண்ணே தெரியவில்லை. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. “அண்ணே” என்று ஒரு தடவை கூப்பிட்டான். அந்தச் சொல் பாதிதான் வெளியே வந்தது.

அன்றைக்கு நான் ஓட்டிய வேகத்தை எந்தப் பெற்றோராவது பார்த்திருந்தால் அப்புறம் பிள்ளையை என் வண்டியில் ஏற்றியிருக்க மாட்டார்கள். சிவப்பு விளக்குகளில் ஹாரனை அழுத்தியபடியே போனேன். ஒரு கையால் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தேன். என் தம்பி என் வண்டியிலேயே செத்துப்போகப் போகிறான் என்று நினைத்தேன். வேறு எந்த நினைப்பும் வரவில்லை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். மருத்துவ உதவியாளர் ஒருவர், மலாய்க்காரர், வெள்ளைச் சட்டை போட்டவர், ஓடி வந்தார். எனக்குப் பட்டப்பெயராக இருந்த வேலையை நிஜமாகவே படித்துவிட்டுச் செய்கிறவர். தள்ளிக்கொண்டே மலாயில் என்னைக் கேட்டார். ஏதாவது மருந்து சாப்பிட்டாரா? எதையாவது தின்றாரா? ஏதாவது கடித்ததா?

டின் வேனில் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. என் வாய் மலாயிலேயே சொன்னது, “குளவி. குளவி கொட்டிருச்சு.”

இதை எப்படிச் சொல்லியும் நல்லதாக்க முடியாது. பயந்தேன். போலீஸ் வரும் என்று பயந்தேன். அதைவிட, அந்தச் சட்டைக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. நான் கொடுத்தேன் என்று சொன்னால், நீ யார் கொடுப்பதற்கு என்று கேட்பார்.

தொடையில் ஊசி போட்டார்கள். முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். உள்ளேயிருந்து ஓர் இளம் டாக்டர் வந்தாள், தமிழ்ப் பெண். “அங்கிள், என்ன ஆச்சு? மருந்து ஏதும் எடுத்தாரா?” என்று தமிழிலேயே கேட்டாள். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் புரியவில்லை என்று தலையாட்டித் தப்பித்திருப்பேன். “இல்லம்மா, குளவி. கோயில் பக்கத்துல கூடு இருக்கு” என்றேன். இல்லாத கூட்டுக்கு இடம்கூடச் சொன்னேன். தம்பி பக்கத்திலேயே கண் மூடிக் கிடந்தான்.

ஊசி வேலை செய்தது. விசில் சத்தம் மெல்லக் குறைந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். மாறாக, எல்லாம் முடிந்துவிட்டது, இனி யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். கட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் நடுவில் நாலு அடி இடம். அதற்குள்ளேயே போய்ப் போய் வந்தேன். நர்ஸ் இரண்டு தடவை உட்காரச் சொன்னாள். ஒரு மணிக்குப் போக வேண்டிய பள்ளிக்கு வேறு வண்டியை அனுப்பச் சொல்லி மனைவிக்குப் போன் செய்தேன். அவளிடமும் குளவி என்றுதான் சொன்னேன்.

டாக்டர் தம்பியின் காலைப் பார்த்தாள். புண் பழுத்திருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது, நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றுகிறேன் என்றாள். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டாள். “தெரியலம்மா” என்றேன். நர்ஸ் ஒரு தட்டில் ஊசிக் குழாயோடு வந்தாள். டாக்டர் அவளிடம் சொன்ன மருந்துப் பெயரின் கடைசிப் பாதி, ‘சிலின்’, என் காதில் விழுந்தது. கிளினிக் பைகளில் நான் எத்தனையோ முறை பார்த்த பாதி. நர்ஸ் தம்பியின் கையைத் திருப்பி ஊசி போக வேண்டிய இடத்தைத் துடைத்தாள்.

“போடாதீங்க!” என்று கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “குளவி இல்ல. நான்தான் குடுத்தேன். ரெண்டு கேப்சூல், சிவப்பு கறுப்பு. வண்டில இருக்கு.”

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. திட்டவில்லை. “போய் எடுத்துட்டு வாங்க அங்கிள், ஓடுங்க” என்றாள். ஓடினேன்.

அவள் டின்னைத் திறந்து விரலால் கிளறிப் பார்த்தாள். நூறு மாத்திரைக்கு மேல் இருக்கும். கேப்சூலின் மேல் பொடியாக எழுதியிருந்ததைப் போனில் பெரிதாக்கிப் படித்தாள். பெனிசிலின் குடும்பம் என்றாள். நர்ஸின் தட்டில் இருந்ததும் அதே குடும்பம்தான். தம்பிக்கு வேறு வகை மருந்து ஏற்றினார்கள்.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து போகிற வழியில் வார்டுக்கு வந்தாள். நடைபாதையில் நின்றுகொண்டே எனக்கு விளக்கினாள்.

“அங்கிள், கிருமிக்கு வெளிய ஒரு சுவரு இருக்கு. இந்த மருந்து அந்தச் சுவரக் கட்ட விடாது, கிருமி வெடிச்சுச் செத்துரும். நம்ம உடம்பு செல்லுக்கு அந்தச் சுவரு இல்ல. அதான் நம்மள விட்டுட்டு அதக் கொல்லுது. வேற சில மருந்து சுவர விட்டுட்டுக் கிருமியோட உள் வேலைய நிறுத்தும். ஆனா சளிக் காய்ச்சலு வைரஸு லா, அதுக்குச் சுவரே கெடையாது. நீங்க குடுத்த தொண்ட வலிக்காரங்கள்ல எத்தன பேருக்குச் சும்மா குடுத்தீங்களோ.”

“சரியாப் போச்சுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க.”

“அது மருந்து இல்லாமலே சரியாப் போயிருக்கும். பாதில நிறுத்துறது, மிச்சத்த ஆளாளுக்குக் குடுக்குறது, இதெல்லாம் கிருமிக்குப் பாடம் நடத்துற மாதிரி. அப்புறம் நெஜமா வேணுங்கிற அன்னிக்கு மருந்து கேக்காது.” வயிற்றிலுள்ள நல்ல கிருமிகளும் சேர்ந்து சாவதால் பேதி போகும் என்றாள். சிலருக்குக் குமட்டும், சிலருக்குத் தோல் தடிக்கும், சில மருந்து சாப்பிட்டு வெயிலில் போனால் தோல் வெந்துபோகும், ஒழுங்காகத் தண்ணீரோடு விழுங்காவிட்டால் தொண்டைக் குழாயையே புண்ணாக்குகிற மருந்துகூட உண்டு என்றாள். நான் தலையாட்டிக்கொண்டே காலை மாற்றி மாற்றி நின்றேன்.

கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கடைசியில் கேட்டேன். பன்னிரண்டு வருஷம் தூள் தூவியதைச் சொன்னேன்.

அவள் யோசித்தாள். “தோல்ல திரும்பத் திரும்பப் பட்டா உடம்பு அத எதிரின்னு மனசுல வச்சுக்கலாம். அதனாலதான் பெனிசிலின இப்பப் புண்ணு மேல போடுறதில்ல. உங்க தம்பிக்கு அதனாலதான் வந்துச்சான்னு என்னால சொல்ல முடியாது, அங்கிள். யாராலயும் முடியாது.”

இல்லை என்று அவள் சொல்லவில்லை. அந்த வருஷம் முழுக்க என்னை அரித்துக்கொண்டே இருக்க அது போதுமானதாக இருந்தது.

தம்பி ஐந்து நாளில் வீடு திரும்பினான். பெனிசிலின் கூடாது என்று எழுதிய அட்டையை பர்ஸில் வைத்துக்கொண்டான். டின்னை நான் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் கொண்டுபோய்க் கொட்டினேன். பழைய மருந்தைத் திருப்பிக் கொடுக்க அங்கே ஒரு பெட்டி இருக்கிறது. அது இத்தனை காலமும் அங்கேயே இருந்திருக்கிறது. காலி டின் வீட்டில் கிடந்தது. மனைவி அதில் ஊசி நூல் போட்டுவைத்தாள்.

சில மாதம் கழித்து எனக்குக் கடைவாய்ப் பல் பழுத்தது. ஏழு நாளைக்கு இரண்டு வகை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ஒன்று நாக்கில் இரும்பை வைத்த மாதிரி ருசித்தது. முடியும்வரை பீர் தொடக் கூடாது, தொட்டால் வாந்தி பின்னிவிடும் என்று எச்சரித்தார்கள். இன்னொன்று வயிற்றைக் கலக்கியது. பள்ளி வாசலில் வேனை நிறுத்திவிட்டு எதிரே இருந்த கடையின் கழிவறைக்கு ஓடியிருக்கிறேன். மூன்றாம் நாள் வலி போய்விட்டது. நாலாம் நாள் கை தானாகவே மருந்துப் பையைச் சுருட்டப் பார்த்தது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஏழு நாள். என் வாழ்க்கையில் நான் முழுவதாகச் செய்து முடித்த காரியம் இது ஒன்றாகத்தான் இருக்கும். கடைசி மாத்திரையைப் போட்டதும் மனைவியைக் கூப்பிட்டுக் காலிப் பையைக் காட்டினேன். “ஏணிய எப்ப எடுக்கப் போறீங்க?” என்றாள்.

இதற்கிடையில் தம்பி ஊரெல்லாம் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தான். மருந்து ஒத்துக்கொள்ளாமல் மூச்சு நின்றதாம். அண்ணன்தான் பறந்து வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததாம். அண்ணன் கத்தியதால்தான் இரண்டாவது ஊசியைப் போடாமல் விட்டார்களாம். யார் கொடுத்த மருந்து என்பதை அவன் சொல்லவே மாட்டான். கேட்கிறவர்கள் கிளினிக்கைத் திட்டுவார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். மருந்து கொடுத்தது நான் என்பது அவனுக்குத் தெரியும், அதை மறைத்து என் மானத்தைக் காப்பாற்றுகிறான். குளவி விஷயம் மட்டும் அவனுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். சுயநினைவில்லாமல்தானே கிடந்தான். அவன் நன்றி சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊறும்.

அடுத்த திருவிழா வந்தது. தேங்காய் உடைக்கிற இடத்தில் நாற்காலி போட்டுவிட்டார்கள். டின் இல்லாமல், ஒரு வாளி சுத்தமான தண்ணீரும் துணிக்கட்டுமாகப் போய் உட்கார்ந்தேன். லூமுட்டிலிருந்து வந்த அக்கா ஒருத்தி பொட்டலத்தை நீட்டினாள்.

“வேணாங்க்கா. ஆஸ்பத்திரில குடுத்துருங்க.”

“என்ன டிரஸ்ஸரு, பெரிய ஆளாயிட்டீங்க?” என்று முகத்தைச் சுழித்துக்கொண்டு போனாள். இன்னும் மூன்று பேர் அப்படிப் போனார்கள். நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

சாயங்காலம் தம்பி தீ மிதித்தான். இறங்கியதும் மஞ்சள் வேட்டியோடு நேராக என்னிடம் வந்து, எப்போதும் போலக் காலை என் மடியில் தூக்கி வைத்தான். பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம். சுற்றிலும் மேளம். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“டேய், அன்னிக்கு டாக்டரு கேட்டப்ப நான் மருந்து குடுத்தேன்னு சொல்லல. குளவி கொட்டிருச்சுன்னு பொய் சொன்னேன்டா.”

அவன் சாம்பல் படிந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியும்ணே. ரெண்டு தடவ சொன்னீங்க. கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்தேன். நாக்கு வீங்கிப் போச்சு, இல்லன்னா நானே சொல்லியிருப்பேன்.”

அப்புறம் ஏன்டா ஊரெல்லாம் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் காலை அசைத்தான்.

“தண்ணி ஊத்துங்கண்ணே, எரியுது.”

ஊற்றினேன். வாளி காலியாகும்வரை எழுந்திருக்காமல் ஊற்றினேன்.